குடை பிடித்தவன்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

'வணக்கத்துக்குரிய' என்று தொடங்கவேண்டும் என்று உன் அத்தான் பக்கத்தில் நின்று திருத்துகிறார். மூக்கொழுகிக்கொண்டு என் இடுப்பில் கிடந்தவனை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபத்தை விடுவதற்குத்தானே மொட்டை அடித்துக்கொண்டாய்! நாங்கள் இருவரும் நலம். உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? மதியத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்ற உங்கள் விதியை வயிறு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையா?

விகாரையில் கைபேசி கூடாது என்பதும் ஒருவகையில் நல்லதுதான். பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய்.

வேலை மாறியதை எழுதினேன். என்ன வேலை என்று எழுதவில்லை. உலகத்தில் யார் யாரோ எடுத்துப் போடும் காணொளிகளில், பார்த்தவர்கள் புகார் செய்தவை எங்கள் திரைக்கு வரும். பார்த்துவிட்டு நீக்குவதானால் 'எடு', இருக்கட்டும் என்றால் 'விடு' என்று ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான். நான் பார்ப்பவற்றை உனக்கு எழுதமாட்டேன். அடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்த படங்கள் என்று மட்டும் வைத்துக்கொள். அடியைக்கூடத் தாங்கிவிடுகிறேன், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. நேற்று முகம் மழித்துக்கொண்டே உன் அத்தான் எதற்கோ சிரித்தார். என் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. "என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். தூக்கம் சரியில்லை என்றேன்.

போன வாரம் அலுவலகத்தில் மனநல வாரம் கொண்டாடினார்கள். வரவேற்பறையில் புத்தர் சிலை வைத்திருக்கிறார்கள், தலை மட்டும். உடம்பு எங்கே என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், "மூச்ச கவனிங்க. வர்றது வரட்டும், போறது போகட்டும்" என்றாள். முடிந்ததும் மேற்பார்வையாளர் கைதட்டி, "எல்லாரும் ஃப்ரெஷ் ஆயிட்டீங்க. இன்னிக்குக் கொஞ்சம் வேகமா பாத்துத் தள்ளுவோம்" என்றார். உங்கள் ஆளைக் கொண்டுவந்து எங்கள் வண்டியில் பூட்டிவிட்டார்கள், தம்பி.

உண்மையான மருந்து உன்னிடம் இருந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். வயிறும் நானும் சமாதானமாகிவிட்டோம். அத்தானை விசாரித்ததாகச் சொல். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு ஏற்ற இறக்கம் பற்றி நான் உபதேசம் செய்யத் தேவையில்லை.

அந்தத் தலைச் சிலையைப் பற்றிப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை. நற்கடைப்பிடி என்று நாங்கள் சொல்லும் அந்த விழிப்பு, புத்தர் சொன்ன எட்டு வழிகளில் ஒன்று. மற்ற ஏழையும் கழற்றி எறிந்துவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டால் பூட்டை உடைக்கிறவனுக்கும் அது பயன்படும். அவனைவிடக் கவனமாக மூச்சு விடுகிறவன் யார்? நல்வாழ்க்கை என்பதும் அந்த எட்டில் ஒன்று. அடுத்தவர் துன்பத்தை விற்றுப் பிழைக்காதே என்பது அதன் பொருள். உன் வேலை எதில் சேரும் என்று நாலு நாள் யோசித்தேன். தெருவின் அசுத்தத்தை யாராவது அள்ளித்தானே ஆகவேண்டும் என்றுதான் தோன்றியது.

மருந்து கேட்டாய். எல்லோருக்கும் நலம் வேண்டும் மைத்திரி தியானத்தைச் செய்துபார். முதலில் உனக்கே நலம் வேண்டிக்கொள். பிறகு பிரியமானவர்களுக்கு. பிறகு முகம் மட்டும் தெரிந்த யாரோ ஒருவருக்கு. கடைசியில் உன்னால் சகிக்க முடியாதவருக்கு. அவசரப்படாதே.

மூன்றாவது படிக்கு நான் நினைத்துக்கொள்வது எதிரே ஓடைத் தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவரை. அந்தத் தெருவே வேறு மதத்தார். அவருடைய புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும், அதனால் இங்கே சின்னப் பிக்குகள் அவருக்கு 'மாவு மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தினமும் காலையில் ஒரு கூடை ரொட்டி கொண்டுவந்து வாசலில் வைப்பார். "நேத்து மிஞ்சினதுதான் தம்பி, புண்ணியம் கிண்ணியம்னு நெனச்சுக்காதீங்க" என்பார். கூடையில் கை வைத்தால் சுடும்.

நலமே விளைக.

தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அத்தானுக்கு இருமல், வேறொன்றுமில்லை.

மருந்து மூன்று படி வரை வேலை செய்கிறது. பேருந்தில் எதிர் இருக்கைக்காரருக்கு நலம் வேண்டிக்கொண்டே போகிறேன். அவர் நான் முறைப்பதாக நினைத்து இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். நாலாவது படி ஏற முடியவில்லை. ஒரு கிழவரைச் சுவரோடு வைத்து உதைக்கிற ஒருவன், நடுவில் திரும்பி கேமராவைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். அவனுக்கும் நலம் வேண்டவேண்டுமா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. எத்தனையோ நாட்டுக் காணொளிகள் வருகின்றன. மொழி வேறு, உடை வேறு, சாமி வேறு. பேச்சு மட்டும் ஒன்றுதான். 'அவர்கள் பெருகுகிறார்கள், நம்மை விழுங்கப்போகிறார்கள்.' எல்லா மேடைக்கும் ஒரே ஆள் எழுதிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், புத்தர் வழியில் வந்தவர்கள் மட்டும் அப்படிப் பேசமாட்டார்கள் என்று பெருமையடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "அந்த மாதிரி வீடியோ வரிசை உங்களுக்கு இன்னும் வரலியாக்கா?" என்றாள்.

அப்படியா தம்பி? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

நலம். அத்தானின் இருமல் நின்றதா?

அந்தப் பெண் சொன்னது உண்மைதான். காவித் துவராடையைப் போர்த்திக்கொண்டதும் 'நான்' போய்விடுவதில்லை. சில சமயம் 'நான்' இருந்த இடத்தில் 'நாம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு இன்னும் பெரிய வயிறு.

தலைமுடியைச் சரிசெய்துகொண்டவனைப் பற்றிக் கேட்டாய். அவனுக்கு நலம் வேண்டுவது என்றால் அவன் செய்தது சரி என்பதல்ல. இனி அப்படிச் செய்ய முடியாதவனாக அவன் ஆகட்டும் என்பதுதான்.

இங்கே கொஞ்சம் சலசலப்பு. ஓடைத் தெரு ரொட்டியில் ஏதோ கலக்கிறார்கள், நம் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போகிறது என்று ஒரு வதந்தி. எங்கள் பெரிய பிக்கு, நான் குருவாக வணங்குகிறவர், இனி அந்தக் கூடையை வாங்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை வாசலில் நான்தான் நின்றேன். "வேண்டாம்னு பெரியவர் சொல்லிட்டார்" என்றேன். "சரி தம்பி, உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்" என்று மாவு மாமா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சங்கடம் எனக்காம்.

பெரியவர் படித்தவர், யோசிக்காமல் எதையும் செய்யமாட்டார். இது அடங்கிவிடும்.

மாமரம் பூத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல்.

அதிகம் எழுத நேரமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உங்கள் ஊரில் கூட்டம் ஏதாவது நடந்ததா? வெயிலில் அதிகம் நிற்காதே. வலது கையில் கட்டு போட்டிருந்தாயே, ஆறிவிட்டதா? அந்தக் கையால் கனமானதைப் பிடிக்காதே.

கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து இருக்க முடியுமா? பிக்குகளுக்கு லீவு உண்டா? அத்தானும் கேட்கச் சொன்னார்.

உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 16

அன்பு அக்காவுக்கு,

நலம். இப்போது வர இயலாது. மழைக்கு முன்னால் கூரை ஓடு மாற்றவேண்டும், ஆள் போதவில்லை. மாம்பூ பாதி உதிர்ந்துவிட்டது. சின்னப் பிக்குகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒருவன் 'கருணை' என்பதை இன்னும் 'கருனை' என்றே எழுதுகிறான்.

கை ஆறிவிட்டது. ஏணியிலிருந்து விழுந்ததில் பட்ட காயம்தான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பின்குறிப்பு: கட்டைப் பற்றி நான் உனக்கு எழுதினேனா? எழுதியதாக நினைவில்லை.

மே 8

தம்பி,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று உங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்குத் தொலைபேசி செய்து தெரிந்துகொண்டேன். "பிக்குகள் யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றார் அங்கே ஒருவர், ஆறுதலாக. எனக்கு ஆறவில்லை.

கட்டைப் பற்றி நீ எழுதவில்லை, நான் பார்த்தேன். மார்ச் கடைசியில் என் திரைக்கு வந்தது. உங்கள் ஊர்ச் சந்தைத் திடல். பெரியவர் பேசுகிறார். தோட்டத்தில் களை மண்டிவிட்டது, களை எடுப்பது கொலையாகாது, தோட்டக்காரனின் கடமை என்கிறார். எவ்வளவு சாந்தமான குரல்! அவருக்கு வெயில் படாமல் பின்னால் நின்று ஒருவன் குடை பிடித்திருக்கிறான். கையில் வெள்ளைக் கட்டு. குடை ஆடவே இல்லை.

விதிப்படி, எந்தக் கூட்டத்தாரையாவது பெயர் சொல்லித் தாக்கினால்தான் எடுக்கலாம். பெரியவர் பெயர் சொல்லவில்லை. சந்தேகமிருந்தால் மேலே அனுப்பலாம். அனுப்பினால் காணொளியில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிப்பார்கள். களை என்றால் யார் என்று உன்னையும் என்னையும்விட நன்றாகத் தெரிந்தவர் யார்? எனக்குத் தெரிந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். 'விடு'வை அழுத்தினேன்.

எத்தனை லட்சம் பேர் பார்த்தார்களோ. பிறகு ஓடைத் தெரு எரிந்த காட்சியும் எங்கள் திரைக்குத்தான் வந்தது. அதிலும் யாரோ சிரிக்கிறார்கள்.

ஏன் தம்பி அங்கே நின்றாய்? அந்த ரொட்டிக்கடைக்காரர் எங்கே?

அக்கா

ஜூன் 20

அக்கா,

பதில் எழுத இத்தனை நாளாயிற்று. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஏன் நின்றேன் என்று கேட்டாய். "வெயிலா இருக்கு, குடையை எடுத்துட்டு வாப்பா" என்றார் பெரியவர். எடுத்துக்கொண்டு போனேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பேச்சு காதில் விழுந்தது. நான் பேசவில்லை, பிடித்துக்கொண்டுதானே நிற்கிறேன் என்று நினைத்தேன். வினை என்பது எண்ணத்தில் இருக்கிறது, என் எண்ணம் சுத்தம் என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டேன்.

ஓடைத் தெரு எரிந்த அன்று, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். சந்தைப் பக்கமிருந்து கூட்டம் வந்தது. பெரியவர் இரும்புக் கதவைத் தாழிடச் சொன்னார். எல்லோரையும் மண்டபத்தில் உட்காரவைத்து ஓதச் சொன்னார். ஓதியது மைத்திரி, அக்கா. எல்லா உயிரும் நலமாயிருக்கட்டும் என்று ஓதினோம். புகை உள்ளே வந்தது. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "சத்தமா ஓதுங்க" என்றார் பெரியவர்.

கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். தாழ் கைக்கெட்டும் தூரம். வெளியே மாவு மாமா. அவர் 'சாமி' என்று கூப்பிடவில்லை. 'தம்பி' என்று கூப்பிட்டார். அங்கே அவர் தம்பி என்று கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். நானும் மூடிக்கொண்டேன்.

தட்டுவது நின்ற பிறகு எழுந்துபோய்த் திறந்தேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திறந்ததும் உள்ளே என் காலில் சரிந்தார். புருவத்தில் மாவு அப்படியே இருந்தது.

மனைவியும் மகளும் ஓடையைத் தாண்டித் தப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. அதனால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

தம்பி

ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானும் படித்தார். படித்துவிட்டு வேலைக்குப் போனார். மாலையில் வந்து, "அவன் தனியா இருக்கக் கூடாது, வரச் சொல்லு" என்றார். நானும் அதையே சொல்கிறேன். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. நீ மூடிக்கொண்டது கண்ணை, நான் அழுத்தியது பொத்தானை. இதில் யார் அக்கா, யார் தம்பி என்று பார்க்க என்ன இருக்கிறது?

விசாரணை ஆணையம் ஒன்று போட்டிருக்கிறார்களாம். அந்தக் காணொளி இப்போது எங்கும் இல்லை. கலவரம் முடிந்த பிறகு அவசரமாக எடுத்துவிட்டார்கள். முன்பே அதைப் பார்த்தது யார், விட்டது ஏன், மேடையில் இருந்தவர்கள் யார் யார் என்று ஆணையம் கேட்கிறது. அலுவலகத்து வக்கீல் என்னைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். "நீங்க விதிப்படிதானே செஞ்சீங்க? அப்புறம் ஏன் மனசப் போட்டு உழப்பிக்கிறீங்க? பேசாம இருந்தாலே போதும்" என்றார். அவர் குரலும் சாந்தமாகத்தான் இருந்தது.

நான் போனால் நீ யார் என்று சொல்லவேண்டிவரும். நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். இதை மட்டும் மறைக்காமல் சொல்.

அக்கா

ஜூலை 22

அன்பு அக்காவுக்கு,

போ. பெயரைச் சொல். அடையாளம் காட்டு. நானும் ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் கூப்பிடுவார்கள்.

விகாரையில் இப்போது நான் இல்லை. எழுதிக் கொடுத்ததைத் தெரிந்துகொண்டதும் பெரியவர் கூப்பிட்டார். கத்தவில்லை. "நீ உன் பாரத்த இறக்கி வைக்கணும்னு பிக்கு சங்கத்துத் தலையில ஏத்துற. இதுவும் ஒரு பற்றுதான்" என்றார். அக்கா, தருமத்தை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் அதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்! வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

எரிந்த வீட்டுக்காரர்களைப் பழைய பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். அங்கே போனேன். துவராடையைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மட்டும் நகரவில்லை.

"எதுக்கு வந்தீங்க?" என்றார்.

கைகூப்பினேன்.

"மன்னிப்பு கேக்க வந்திருந்தா, அது எங்கிட்ட இல்ல. தண்ணி தூக்க வந்திருந்தா, குடம் அங்க இருக்கு."

தூக்குகிறேன். ராத்திரி வராந்தாவில் படுக்கிறேன். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஆடையை மாற்றிக்கொண்டேன். யாரோ கொடுத்த பேண்ட், இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருக்கிறேன். பார்த்தால் சிரிப்பாய்.

தாழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் என்று அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. சொல்லப்போய்ச் சொல்லப்போய்த் திரும்பிவிட்டேன். ஆணையத்தில் சொல்லும்போது அவரும் அங்கே இருப்பார்.

தம்பி

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? போன வாரம் நான் சாட்சி சொன்னேன். ஆணையம் எங்கிருந்தோ அந்தக் காணொளியைத் தேடிப் பிடித்து வைத்திருந்தது. "பின்னால குடை பிடிச்சிருக்கிறவர் யார்னு தெரியுமா?" என்று கேட்டார்கள். "என் தம்பி" என்றேன். கூடத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. "அதனாலதான் விட்டீங்களா?" "ஆமாங்க." அவ்வளவுதான் கேட்டார்கள்.

வேலை போய்விட்டது. அத்தான் பழையபடி சிரிக்கிறார், நான் கோப்பையைப் போடவில்லை. ஆனால் வீட்டுச் சுவரில் யாரோ 'துரோகி' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தான் சுண்ணாம்பு அடித்தார், அது இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

எனக்கே இப்படி என்றால் உனக்கு எப்படியிருக்கும் என்று பயமாக இருக்கிறது. சாட்சி சொன்ன கையோடு பஸ் ஏறிவிடு. தனியாக எங்கும் நடக்காதே. ஒரு வரி போடு, போதும்.

அக்கா

செப்டம்பர் 14

அவருடைய அக்காவுக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. முகவரி உங்கள் தம்பியின் பையில் இருந்த உறையிலிருந்து எடுத்தது. நான் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி.

உங்கள் தம்பி முந்தாநாள் ஆணையத்தில் பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். என் வீட்டுக்காரர் கடைசியில் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். தாழுக்குப் பக்கத்தில் இருந்தது யார் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஏறக்குறைய இரண்டு மாதம் நான் குடித்தது அவர் தூக்கிவந்த தண்ணீர். எழுந்து வெளியே போய்விட்டேன்.

நான் தெருமுனையில் மகளோடு நிற்கும்போது அவர் படியிறங்கி வந்தார். ஏழெட்டு பேர் காத்திருந்தார்கள். கம்பி வைத்திருந்தார்கள். அவர் ஓடவும் இல்லை, கையை உயர்த்தவும் இல்லை. நிறைய பேர் நின்று பார்த்தார்கள், சிலர் படம் எடுத்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை. நானும் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. அப்புறம் போனேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பெண் கத்திக்கொண்டு வருவதைப் பார்த்து அவர்கள் விலகிவிட்டார்கள்.

அவர் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மண்டையில் அடி. கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆளைத் தெரியவில்லை. சில சமயம் 'அக்கா' மாதிரி ஏதோ சொல்கிறார். பேச்சு திரும்புமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். அவளே 'பக்கத்து வீடு' என்று எழுதிக்கொண்டாள்.

அவரை நான் மன்னித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். அது என்னால் ஆகவில்லை, ஆகுமா என்றும் தெரியவில்லை. ஆனால் வாய் வறண்டுபோகிறது, அரைமணிக்கு ஒருமுறை கரண்டியால் தண்ணீர் விடவேண்டியிருக்கிறது. இந்த வார்டில் அதைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

ஆபரேஷனுக்கு உறவுக்காரர் சம்மதம் வேண்டுமாம். உடனே புறப்பட்டு வாருங்கள். வாசலில் அவரை அடித்தவர்களுடைய ஆட்கள் நிற்கிறார்கள், பின்பக்கச் சமையல் கூடத்து வழியாக வாருங்கள். இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

நீங்கள் வரும்வரை நான் எழுந்து போகமாட்டேன்.